உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்?

“…அதான் சொல்றேன் நானா, எனக்காகக் காத்துக்கிட்டிருக்க இந்த ஊர்ல உசுரோட ஒரு ஆளும் இல்ல. இருந்த ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள போயிட்டாங்க. அவங்களை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுறது அந்த ஆபீசர்கிட்ட?”

மைமூன் இதைச் சொன்னபோது வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வியட்நாமின் சைகோனில், முதலாம் டிஸ்ட்ரிக்டில், நான் வேலை பார்த்த இந்திய உணவகத்துக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். வாடகைக்கு எடுத்த சிவப்புப் பட்டு அங்கியும், அந்த ஊர் மாப்பிள்ளைகள் தலையில் வைக்கும் வட்டத் தலைப்பாகையுமாக நான் உட்கார்ந்திருந்தேன். ஏன் அந்தக் கோலம் என்று இப்போது கேட்காதீர்கள், வருகிறேன். அவள் அடுத்து என்ன செய்தாள் என்பதையும் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கு அது ஒரு சின்ன வேடிக்கையாகப் போய்விடும். எனக்கு அது அப்படியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டில் பிரியாணி. நான் இப்போது திருச்சியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறேன். எண்ணெயில் அன்னாசிப்பூ விழுந்த வாசனை படியேறி வந்தது. கூடவே வீட்டுக்காரர் மகளின் குரலும். வெளிநாட்டில் முதுகலை படிக்கப் போகிறாள் பெண். போனில் யாரோ விசா நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். “படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?” என்று கேட்கிறது போன். அவள் கடகடவென்று ஒப்பிக்கிறாள்: அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், தம்பி இருக்கிறான், திருவெறும்பூரில் ஒரு மனை இருக்கிறது. அந்த வாசனையும் இந்தக் கேள்வியும் ஒரே சமயத்தில் படியேறி வந்தால் நான் எங்கே போய் நிற்பேன்? சைகோனில்தான்.

நமக்கு அன்னாசிப்பூ பிரியாணியோடு சரி. அங்கே விடிந்ததும் தெருவுக்குத் தெரு கொதிக்கிற ஃபோ சூப்பில் மிதப்பது அதுதான். முதல் நாள் விமான நிலையத்திலிருந்து வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தபோது, ‘அடடே, யார் வீட்டிலோ கல்யாணம்’ என்று நினைத்தேன். அடுத்த தெருவிலும் கல்யாணம். அதற்கடுத்த தெருவிலும். ஊரெல்லாம் கல்யாணம், ஒருத்தரும் நமக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் வெகுநாள் என்னை விட்டுப் போகவேயில்லை.

அரசாங்கம் ஊரின் பெயரை மாற்றி ரொம்பக் காலம் ஆகியிருந்தது. காகிதத்தில் ஹோ சி மின் நகரம். வாயில் மட்டும் சைகோன். நானும் வாய்க்காரன்தான். பிளஸ் டூவோடு படிப்பு என்னிடம் விடைபெற்றுக்கொண்டது. இங்கிலீஷ் கற்றதெல்லாம் மெனு கார்டிலும், வாடிக்கையாளர்கள் மேசையில் விட்டுப்போன பத்திரிகைகளிலும், வெள்ளைக்காரர்கள் குழம்பு காரம் என்று திட்டும்போதும். சட்டையில் ‘மேலாளர்’ என்று குத்தியிருந்தது. மேற்பார்வை பார்த்தது பெரும்பாலும் தண்ணீர்க் கூஜாக்களைத்தான்.

மதியக் கூட்டம் வடிந்ததும் சாயங்காலம் வரை உணவகம் காலியாகக் கிடக்கும். அந்த நேரம்தான் பொல்லாதது. வேலை இருக்கிறவரை நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாது. மேசை துடைத்து முடித்ததும் தெரிந்துவிடும். சமையல்காரர்கள் இருவரும் வடக்கத்தியர்கள்; சாப்பிட்டதும் குறட்டை. ஒருகாலத்தில் இந்தத் தெருக்களில் செட்டியார்களும், காரைக்கால், நாகூர்ப் பக்கத்துத் துணிக்கடைக்காரர்களும் நிறைந்திருந்தார்களாம். நான் போனபோது செட்டியார்கள் கட்டிவிட்டுப் போன கோவில் வாசலில் நின்றால் தமிழ் முகம் கிடைக்கும், தமிழ் கிடைக்காது. நம்ம ஊர் மூக்கும் முழியுமாக வந்த ஒரு பெரியவரிடம் ஆசையாக, “ஐயாவுக்கு எந்த ஊரு?” என்று கேட்டேன். அவர் கைகூப்பி, பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பொல்லாத நேரத்திலிருந்து என்னைத் தூக்கிவிட்டவர் ஹான் அக்கா. மேல்மாடி அலுவலகம் அவருடையது. மாணவர்களை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் தொழில். குட்டையான உருவம், பெரிய குரல், எப்போதும் கையில் ஒரு விசிறி. ஒருநாள் படியிறங்கி வந்து, மேசையில் தலைவைத்துக் கிடந்த என்னை விசிறியால் தட்டி எழுப்பினார். அவர் உடைந்த இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“மேல வா. நீ ஆபீசரா நடிக்கணும்.”

“எனக்கு என்ன தெரியும்க்கா?”

“ஒண்ணும் தெரிய வேணாம். எங்க பிள்ளைங்களுக்கு அந்நிய மூஞ்சியப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது. உன் மூஞ்சி அந்நியமா இருக்கு. அதுல சிரிப்பும் கிடையாது. ஆபீசருக்கு வேற என்ன வேணும்?”

சிரிப்பு இல்லாதது நடிப்பில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. கூலி, ஐஸ் போட்ட பால் காப்பியும் மின்விசிறிக் காற்றும். பேசுவதற்கு ஆள் கிடைத்தார்களே, அதற்கு நான்தான் அவருக்குக் கூலி கொடுத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் முதுகலை படிக்கப் போக என்னென்ன தகுதி வேண்டும் என்று அவர் வகுப்பே எடுத்தார். பட்டம் வேண்டும், நல்ல மதிப்பெண் வேண்டும், இங்கிலீஷ் பரீட்சையில் தேற வேண்டும், அங்கே ஒரு பேராசிரியர் வா என்று சொல்ல வேண்டும், செலவுக்கு வழி இருக்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு விசிறியை மடக்கினார். “இதெல்லாம் போறதுக்கான தகுதி. பள்ளிக்கூடக்காரன் பாத்துப்பான். ஆபீசர் பாக்கிறது திரும்பி வர்றதுக்கான தகுதி. உனக்காக இங்க யாரு இருக்காங்க, யாரு காத்திருக்காங்க, அதைத்தான் கேப்பார். அங்கதான் விழுவாங்க. அந்தக் கேள்வியை நீ நல்லா கேளு.”

நல்லாவே கேட்டேன். நன்றாகப் பதில் சொன்னவர்களுக்கு முத்திரை குத்துவது போல உள்ளங்கையால் மேசையில் ஓங்கி ஒரு அடி. அதுதான் ‘பாஸ்’. அந்தச் சத்தத்துக்காகப் பிள்ளைகள் ஏங்கும். சில பெண்பிள்ளைகள் சத்தம் கேட்டதும் கைதட்டுவார்கள். இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்கிக் கதவைக் காட்டுவேன். பிளஸ் டூக்காரன் பட்டதாரிகளைத் தள்ளுபடி செய்கிற சுகம் இருக்கிறதே, அதைச் சொன்னால் பாவம்.

அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம். கல்யாணம் ஆயிற்றா, பிள்ளை உண்டா என்று கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ‘இன்னும் இல்லை’ என்பார்கள். எண்பது வயதுக் கிழவரிடம் கேட்டாலும் இன்னும் இல்லைதான். அழகான பழக்கம், மனுஷனைக் கைவிடாத பேச்சு. ஆனால் “அந்த நாட்டில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டா?” என்று ஆபீசர் கேட்கும்போது, கண்கள் மின்ன “இன்னும் இல்லை” என்று சொன்னால் என்ன ஆகும்? ஹான் அக்கா விசிறியால் மண்டையில் தட்டித் தட்டி அதை மாற்றப் பார்ப்பார். மாறாது.

படிக்கப் போவது ஒருவர்தான், ஆனால் பயிற்சிக்கு வீடே கிளம்பி வரும். அப்பா, அம்மா, பெரியம்மா, கைக்குழந்தையோடு அண்ணி. மேலே இடமில்லாததால் கீழே உணவகத்தில் உட்கார்ந்து, ஒரு சமோசாவை நாலாகப் பிட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள். உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டால் பிள்ளைகள் பதில் சொல்லவே தடுமாறுவதில்லை. சிரித்துக்கொண்டு விரலால் தரையைக் காட்டுவார்கள். கீழே பாருங்கள் சார், அத்தனை பேரும் அங்கேதான்.

மைமூன் வந்த அன்று கீழே யாரும் இல்லை.

அவள் பெயரும் எனக்கு அப்போது மைமூன் இல்லை. ஹான் அக்கா ‘மாய்’ என்றுதான் சொல்லி அனுப்பினார். முப்பதைத் தாண்டிய பெண், கறுப்புக் கால்சட்டை, வெயிலில் வெந்த கை. முகத்தில் ஏதோ நம்ம ஊர்ச் சாடை. சாடையை நம்பி ஏமாந்தவன் நான் என்பதால் கண்டுகொள்ளவில்லை. இங்கிலீஷில் உட்காரச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது, ஜன்னல் சாத்தியிருந்த அறை இருண்டது. காலையிலிருந்து சாப்பிடாத எரிச்சலில், எனக்கு நானே, “சே, பசி உசுரு போகுது” என்று முனகினேன்.

இருட்டிலிருந்து ஒரு குரல்: “பசிச்சா சாப்புட்டுட்டு வாங்களேன் நானா. நான் ஒக்காந்திருக்கேன்.”

நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். எத்தனையோ மாதம் கழித்து ஒருத்தர் என்னைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள், அதுவும் தமிழில். நான் எழுந்து போகவில்லை. மின்சாரம் வருகிறவரை அப்படியே இருந்தேன். இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவளுடைய தமிழ் முழுவதும் ஒரே ஒரு ஆளிடமிருந்து வந்தது, அவளுடைய வாப்பா. அதனால் அந்தப் பெண்ணின் பேச்சில் ஐம்பது வயது ஆண்பிள்ளையின் தோரணை இருக்கும். தாமதமாக வரும் பஸ்ஸைப் பார்த்து “வாரும்யா வாரும், இப்பத்தான் விடிஞ்சுதா?” என்பாள். முக்கியமான விஷயம் சொல்வதற்கு முன் லேசாகச் செருமிக்கொள்வாள். அதுவும் தமிழில் சேர்த்தி என்று நினைத்திருந்தாளோ என்னவோ. சந்தோஷமாக இருந்தால் “போன்ஜூர் நானா” என்றுகொண்டே படியேறுவாள். அதுவும் வாப்பாவின் சொத்து.

வாப்பா காரைக்காலிலிருந்து சின்ன வயதில் வந்து ஒரு துணிக்கடையில் துணி மடித்தவர். உம்மா வியட்நாம்காரி. சைகோன் விழுந்து, கடைகள் போய், கூட இருந்தவர்கள் எல்லாம் கப்பலிலும் விமானத்திலும் கிளம்பியபோது இவர் மட்டும் தங்கிவிட்டார். “உம்மா வவுத்துல நான் இருந்தேன்ல, அதான் போகல. ஆனா சண்டை வந்தா, ‘இவளோட கருவாட்டுக் கொழம்புக்காகத்தான் நின்னுட்டேன்’னு சொல்லும்” என்பாள். துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யில் சைக்கிள் பழுது பார்த்துப் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் கல்லூரியில் சேரக் கம்யூனிஸ்ட் அரசாங்கம் குடும்பப் பின்னணி பார்க்கும்; முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை. வாப்பாவின் பழைய துணிக்கடை இவள் படிப்பில் வந்து விழுந்தது. “துணி மடிச்சுக் குடுத்த ஆளை மொதலாளின்னுட்டாங்க நானா. வாப்பாவுக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் பெருமை.” காலம் மாறியதும், சகவயதுக்காரிகள் பிள்ளை பெற்ற பிறகு, இவள் விவசாயப் பட்டம் வாங்கினாள். நகரத்துக்கு வெளியே கூ சி என்கிற ஊரின் காய்கறித் தோட்டங்களில் வேலை. மிளகாய்ச் செடியில் இலை சுருண்டு போகிற நோய்தான் அவளுக்கு உயிர். அந்த நோயைப் படிக்கத்தான் வெளிநாடு. பேராசிரியர் வா என்றுவிட்டார். உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. அந்த வருடம் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். வயது காரணமாக மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. பாக்கி அந்த ஒரு கேள்விதான்.

“உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்?”

“யாரும் இல்லை.”

கதவைக் காட்டுவேன். அடுத்த வாரம் வருவாள். மறுபடி அதே பதில். வேலை இருக்கிறது என்று சொல், மிளகாய்த் தோட்டம் காத்திருக்கிறது என்று சொல் என்று கெஞ்சினேன். “மொளவா எனக்காகக் காத்திருக்காது நானா. அது பாட்டுக்குச் சுருண்டுக்கும்” என்றாள்.

ஹான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நிச்சயதார்த்தப் போட்டோ எடுத்துவிடலாம் என்று முடிவுகட்டினார். அந்த ஊரில் நிச்சயம் என்றால் சிவப்புத் துணி போர்த்திய தட்டுகள், வெற்றிலை பாக்கு, பெண்ணும் மாப்பிள்ளையும் பட்டு அங்கியில். எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். மாப்பிள்ளைதான் வாடகைக்குக் கிடைக்கவில்லை.

“இவன் இருக்கான்ல” என்று விசிறி என் பக்கம் திரும்பியது.

அப்படித்தான் எனக்கு அந்த அங்கி வந்து சேர்ந்தது. என் அளவுக்குத் தைத்ததில்லை. முழங்கைக்குக் கீழே சட்டை எட்டிப் பார்த்தது. மழைக்கு ஒதுங்கி மேலே வந்த மைமூன் கதவருகே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டுகிற வரை சிரித்தாள். ஹான் அக்கா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. வியட்நாமிய மொழியில் அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம், “நானான்னு கூப்புட்ட வாயால வேற எப்படிக் கூப்புடுறது? அதுவும் பொய்க்கு. வாப்பாவுக்குத் தெரிஞ்சா கபுர்லேருந்து எந்திரிச்சு வரும்” என்றாள். ஹான் அக்கா விசிறியை மேசையில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் மழையும்தான். அங்கியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நான் வழக்கம்போல் கேள்வியைக் கேட்டேன். அப்போதுதான் அவள் நான் முதலில் எழுதியதைச் சொன்னாள். விரலால் தரையைக் காட்டித்தான் சொன்னாள். மற்ற பிள்ளைகள் காட்டிய அதே தரை.

அதற்கு அடுத்து அவள் செய்ததை இப்போதைக்குத் தாண்டிப் போகிறேன். அதன் விளைவாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாலம் கடந்து கான் ஹொய்யில் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அன்று அவளுடைய உம்மாவின் நினைவு நாள்.

இறந்தவர்களின் நினைவு நாள் என்றால் அங்கே வீடு நிறைய ஆள் கூட வேண்டும். சொந்தம், அக்கம்பக்கம், பழைய சிநேகிதம், எல்லோரும் வந்து உரக்கப் பேசிச் சாப்பிட்டுப் போவார்கள். ஆற்று வாசனை அடிக்கிற சந்தில், ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அகலத்தில் வீடு. உள்ளே அலமாரி மேல் இரண்டு போட்டோ. அதற்கு முன் இரண்டு தட்டு. கீழே பாயில் இரண்டு தட்டு. பாயில் வழக்கமாக ஒன்றுதான் இருக்கும் என்றாள். வாப்பாவின் நாள் வேறு மாதத்தில் வருகிறது. “ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுட்டேன் நானா. வருசத்துக்கு ரெண்டு தடவ தனியா ஒக்காந்து விருந்து சாப்புட முடியல.”

வாப்பாவுக்கு ஃபாத்திஹா ஓதினாள். உம்மாவுக்கு ஊதுபத்தி கொளுத்தினாள். இதைப் பார்த்தால் வாப்பா திட்டும், உம்மா சிரிக்கும் என்றாள். வாப்பாவுக்குத் தேங்காய்ச்சோறு, உம்மாவுக்கு அன்னாசிப்பழமும் புளியும் போட்ட மீன் ரசம். இரண்டையும் பிசைந்து சாப்பிட்டேன்.

“எப்படி இருக்கு?”

“உப்பு ஒரு கல் தூக்கல்.”

“வாப்பாவும் இதையேதான் சொல்லும்” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் வைத்தாள். செருமிக்கொண்டாள். “நான் போயிட்டா இவங்களுக்கு யாரு சோறு வைப்பா நானா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை, அவளுடைய பாதி மனசு தேறவே கூடாது என்று இருந்திருக்கிறது. ஆளில்லாத வீட்டில் இரண்டு போட்டோக்களைப் பசியோடு விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

“நான் வைக்கிறேன்.”

“ஒங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?”

“ஹோட்டல்லதானே இருக்கேன்?”

“தட்டு தூக்குறவருதானே நீங்க!”

அடுத்த பயிற்சியில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பதில் வந்தது. மேசை அதிர அடித்தேன். கீழே சமையல்காரர்களின் குறட்டை நின்றுபோயிற்று.

நிஜ நேர்காணல் அன்று ஹான் அக்காவும் நானும் விசா அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் மரத்தடிப் பிளாஸ்டிக் முக்காலிகளில் ஐஸ் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். ஹான் அக்கா விசிறவே இல்லை. மைமூன் வெளியே வந்து, சாலையைக் கடந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்து, என் தேநீரை எடுத்துக் குடித்தாள். அப்புறம் சொன்னாள். ஆபீசர் கேட்டாராம். இவள், “இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர் உயிரோடு இருக்கிறார்” என்றாளாம். “இறந்த இருவருக்கும் வருடத்துக்கு ஒருநாள் நான் சமைக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் அதுவரை சமைப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்குச் சமைக்க வராது. ரொம்ப நாள் அவர்களைப் பட்டினி போட முடியாது, நான் திரும்பி வந்தாக வேண்டும்.” ஆபீசர் நிமிர்ந்து பார்த்து, அவர் உன் கூடப்பிறந்தவரா என்று கேட்டாராம்.

“என்ன சொன்ன?”

“இன்னும் இல்லைன்னேன்.”

ஹான் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். ஆபீசர் சிரித்தாரா, முறைத்தாரா, தெரியாது. விசா வந்துவிட்டது.

ஒரு ஆள் வெளிநாடு போனால் விமான நிலையத்துக்கு ஒரு வேன் ஆள் போவது அந்த ஊர் வழக்கம். இவளுக்கு நானும் ஹான் அக்காவும்தான். ஹான் அக்கா அதைப் பார்க்கச் சகியாமல் உணவகத்துச் சமையல்காரர்களையும், பாத்திரம் கழுவுகிறவர்களையும், ஒரு காய்கறிக்காரியையும் மோட்டார் சைக்கிள்களில் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். பஞ்சாபிச் சமையல்காரர், யார் என்றே தெரியாத பெண்ணுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைமூன் கண்ணாடிக் கதவுக்குள் போய்த் திரும்பி, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். அவ்வளவு கூட்டம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

முதல் வருடம் நான் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவி வாங்கி, கதவைத் திறந்து, தூசி தட்டி, தேங்காய்ச்சோற்றை அடிப்பிடிக்க வைத்தேன். ஓதத் தெரியாது, ஊதுபத்தி மட்டும் கொளுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாய் தின்றுவிட்டு மரியாதைக்காக இருமினாள். அவள் போன பிறகு வெகுநேரம் இருந்தேன். அந்த ஊரில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் எனக்கு அன்று அலமாரி மேல் இருந்த வாப்பாதான். அவரிடம் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருடம் வருவதற்குள் வெளிநாட்டுக்காரர்களின் வேலை அனுமதிக்குப் புது விதி வந்தது. பட்டம் எங்கே என்றார்கள். பிளஸ் டூ மதிப்பெண் தாளைக் காட்டினேன். அதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஹான் அக்கா கொதித்துப்போனார். “இத்தனை பேரை அனுப்பி வச்சவனுக்கு இருக்கத் தகுதி இல்லையாம்!” என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தானே ஆபீசராக இருந்து கேள்வி கேட்டுப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டு போட்டோக்களின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் விமானம் ஏறினேன். என்னை அனுப்பவும் அதே மோட்டார் சைக்கிள் கூட்டம் வந்தது. ஃபோ கடைகளின் அன்னாசிப்பூ வாசனை விமான நிலையம் வரை கூடவே வந்தது. நான் கலந்துகொள்ளாத அத்தனை கல்யாணமும் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

மைமூன் சொன்னபடி திரும்பி வந்தாள். திருச்சியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருந்தபோது போன் வந்தது. “போன்ஜூர் நானா. நான் வந்துட்டேன். சொன்னபடி வந்துட்டேன். அந்த ஆபீசர்கிட்ட யாராவது சொல்லுங்க.” சிரித்தேன். அவள் செருமினாள். “ஏர்போர்ட்ல ஒங்களைத் தேடினேன். நீங்க இல்லைன்னு தெரியும். தெரிஞ்சும் கண்ணு தேடுது, என்ன செய்ய?”

பிறகும் சில வருடம் பேசினோம். வாப்பாவுக்கு அப்புறம் அவளுக்குத் தமிழ் பேச நான் ஒருவன்தான். தூரத்திலிருந்து எவ்வளவு ஊற்ற முடியும்? முதலில் ஒரு சொல்லுக்காகத் தயங்கினாள். பின்பு வாக்கியத்தின் நடுவில். ஒருமுறை “நானா” என்று கூப்பிட்டுவிட்டு, மேலே வராமல் இங்கிலீஷுக்குப் போய்விட்டாள். அந்தக் காரைக்கால் ஆண்பிள்ளைத் தோரணையை அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. எண் மாறிப்போய், அதுவும் நின்றது.

கான் ஹொய் சந்து இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டதாக உணவகத்துப் பழைய ஆள் ஒருவர் சொன்னார். உணவகம் இல்லை. மேல்மாடி இல்லை, அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்களாம். ஹான் அக்காவும் இல்லை. பயிற்சி எல்லாம் இப்போது போனில்தான். கீழே சமோசாவைப் பிட்டுக்கொண்டு யாரும் காத்திருப்பதில்லை. கீழ்வீட்டுப் பெண் பதிலை ஒப்பித்து முடித்ததும் போன் ‘வெரி குட்’ என்றது. மேசை அதிரவில்லை.

அந்த மழைச் சாயங்காலத்தை நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். உசுரோட ஒரு ஆளும் இல்லை, அவங்களை எப்படிக் காட்டுறது என்று கேட்டாளே, நான் வழக்கம்போல் கதவைக் காட்டக் கையைத் தூக்கினேன். அங்கியின் கை நீளாமல் பாதியில் இழுத்துப் பிடித்தது. மைமூன் எழுந்தாள். போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, “எந்திரிங்க” என்றாள். எழுந்தேன். தன் நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். போய் உட்கார்ந்தேன். அவள் என் இடத்தில் அமர்ந்து, என்னைப் போலவே உதட்டைப் பிதுக்கி, என் குரலிலேயே இங்கிலீஷில் கேட்டாள்:

“உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்?”

எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி. அந்தப் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊரில் அண்ணன் ஒருவர் உண்டு. நான் போன் செய்தால் யார் பேசுறது என்று கேட்பார். அப்பா, அம்மா போய் வெகுகாலம். கீழே இரண்டு குறட்டைகள். சிவப்புப் பட்டிலும் வட்டத் தலைப்பாகையிலும் மாப்பிள்ளை போல உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தேன்.

அவள் அவசரப்படுத்தவில்லை. செருமிக்கொண்டாள். “வர்ற ஞாயித்துக்கெழம எங்க உம்மாவோட நாளு. பகலுக்குச் சாப்புட வாங்க. நான் காத்துக்கிட்டிருப்பேன்” என்றாள்.

பிறகு கையைத் தூக்கி, உள்ளங்கையால் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.